சங்க ஆண்டறிக்கை 2024-25: கார்பன் காசு யாருக்கு?

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் அண்ணன் தனியா வாசிப்பாரு, கூட்ட விவரம்லாம் மினிட் புக்ல இருக்கு, யாரு வேணாலும் பாத்துக்கலாம். நான் வருஷம் பூரா நம்மள அலைய வச்ச ஒரே ஒரு விஷயத்த மட்டும் சொல்லிடறேன். கார்பன் குறைச்சா காசு தர்றாங்கன்னு டீக்கடை வரைக்கும் பேசிக்கிட்டோமே, அதான்.

2024ல மேட்டூர் ஜூன் 12 தொறக்கல, ஜூலை 28தான் தொறந்தாங்க. அதனால குறுவை போட்டது பெரும்பாலும் போர்வெல் வச்சிருந்தவங்கதான். அரசோட குறுவை தொகுப்பு திட்டத்துல மெஷின் நடவுக்கு ஏக்கருக்கு 4000 ரூபா மானியம் இருந்துச்சு, சோலார் பம்புக்கு பிஎம் குசும்ங்கற மத்திய அரசு திட்டத்துல 60 சதவீதம் மானியம் தந்தாங்க, அதுக்கு வேளாண் பொறியியல் துறையில மனு போடணும்னு இருந்துச்சு. இதுல ரெண்டாவது டீசல குறைக்கும், சரி. ஆனா நெல்லுல பெரிய கணக்கே மீத்தேன்தான், அதுக்குன்னு நம்ம கைக்கு இதுவரைக்கும் ஒரு பைசா வரல.

தண்ணி கட்டுன வயல்ல சேத்துக்குள்ள காத்து போகாது, அந்த எடத்துல வளர்ற நுண்ணுயிருதான் மீத்தேன விடுது, அது 100 வருஷ கணக்குல கார்பன் டை ஆக்சைட விட 27 மடங்கு பூமிய சூடாக்குமாம். காய்ச்சலும் பாய்ச்சலுமா, அதாவது வயல விட்டு விட்டு காயவிட்டு தண்ணி விட்டா அது கிட்டத்தட்ட பாதியா குறையும்னு ஐநாவோட காலநிலை குழு ஐபிசிசி கணக்கே சொல்லுது. இதுக்கு பெரிய மெஷின்லாம் வேணாம். ஒரு அடி பிவிசி பைப், அடிப்பக்கம் ட்ரில்லுல ஓட்டை போட்டு, அரை அடி மண்ணுக்குள்ள எறக்கி, உள்ள இருக்கற சேத்த கையால வழிச்சு எடுத்துடணும். பைப்புக்குள்ள தண்ணி மண் மட்டத்துலேந்து அரை அடி கீழ எறங்குனதும் மறுபடி பாய்ச்சணும், பூக்கற சமயத்துல மட்டும் காயவிடக் கூடாது. போர்காரங்க சில பேரு வயல்ல வச்சு பாத்தோம். கொசுவல துணி சுத்தாத பைப்பெல்லாம் சேறு அடைச்சு, வயலு காஞ்சு வெடிப்பு விட்ட பிறகும் உள்ள தண்ணி நிக்கறமாதிரியே காட்டுச்சு. அடுத்த தடவ துணி சுத்தாம யாரும் எறக்காதீங்க.

இதுல யாருக்கு என்ன லாபம்னு கூட்டத்துல ஒரு அக்கா நேராவே கேட்டுச்சு. தண்ணி மிச்சம்தான், ஆனா கரண்ட் நமக்கு இலவசம், மோட்டார நிறுத்துனா பில்லு குறையப் போறதில்ல. வயல காயவிட்டா களை கெளம்பும், அதுக்கு கூலி யாரு தர்றது? நியாயமான கேள்வி. பஞ்சாப்ல நேரடி விதைப்புக்கு 2022லேந்து ஏக்கருக்கு 1500 ரூபா குடுக்கறாங்க, அது நெலத்தடி நீருக்காக குடுக்கறது. அந்தமாதிரி இங்கயும் செய்யற வேலைக்கு நேரா காசு குடுத்தா களைக் கூலியாச்சும் வரும்.

அப்பறம் அந்த கம்பெனி விஷயம். பேரு வேணாம். ஆளுங்க வந்து பைப்பு ப்ரீ, மூணு போக போட்டோவ ஆப்ல ஏத்துங்க, கார்பன் கிரெடிட், அதாவது குறைச்ச மீத்தேனுக்கு கெடைக்கற சான்று, அத வித்ததும் பங்கு தர்றோம்னாங்க. ஒப்பந்தம் பூரா இங்கிலீஷ்ல, காலம் பத்து வருஷம், கிரெடிட் முழுக்க அவங்களுக்கு, நம்ம பங்கு எவ்வளவுங்கற எடம் காலி. தமிழ்ல எழுதிக் குடுங்கன்னோம், அதோட போன் வர்றது நின்னுடுச்சு. இதெல்லாம் சும்மா பயம் இல்ல, 2024 ஆகஸ்ட்ல சீனாவுல இதேமாதிரி 37 நெல் திட்டத்த வெர்ரான்னு ஒரு அமைப்பு ரத்து பண்ணிடுச்சு, உலகத்துலயே கிரெடிட்டுக்கு பெரிய பதிவு அந்த அமைப்புலதான் நடக்குது. மத்திய வேளாண் அமைச்சகமும் 2024 ஜனவரில விவசாய கார்பன் சந்தைக்கு ஒரு வழிமுறை வெளியிட்டுச்சு, அது பேப்பர்ல இருக்கு.

எனக்கு இதுல பெரிய உறுத்தலே வேற. நம்ம உறுப்பினர்ல பாதிக்கு மேல கோயில் நெலம், மடத்து நெலம், வாய்வழி குத்தகைன்னு பண்றவங்க. மடைய தெறக்கறதும் அடைக்கறதும், பைப்புக்குள்ள குனிஞ்சு பாக்கறதும் அவங்க, சிட்டா அடங்கல் வேற ஒருத்தர் பேர்ல. அரசு மானியமா இருந்தாலும் கம்பெனி காசா இருந்தாலும் மொத கேள்வியே பட்டா இருக்கான்னுதான். சென்னையில இருக்கற நெலத்துக்காரர் கணக்குல மீத்தேன் காசு ஏறும், இவரு களை பறிச்சுக்கிட்டு இருப்பாரு.

சம்பாவுல இந்த பேச்சே எடுபடாதுங்கறதையும் பதிவு பண்ணிக்கறேன். ஆத்துப் பாசனத்துல முறை வச்சு தண்ணி விடறாங்க, வரும்போது கட்டி வச்சுக்கலன்னா அடுத்த முறை வரைக்கும் என்ன பண்றது. நவம்பர் கடைசி மழையில கடைமடை வயலெல்லாம் முழுகி கெடந்துச்சு, அப்ப போய் வயல காயவிடுங்கன்னா யாரு கேப்பா. அதனால மானியம் கேக்கறப்ப போர் குறுவைக்குன்னு தெளிவா கேக்கணும், நெல்லு பூராவுக்கும் கேட்டோம்னா அதிகாரிங்களே சிரிப்பாங்க.

கமிட்டி முடிவு இதான். காய்ச்சலும் பாய்ச்சலும் செஞ்ச ஏக்கருக்கு அரசே நேரா ஊக்கத்தொகை தரணும், குத்தகைதாரருக்கு விஏஓ சாகுபடி சான்று குடுத்தா அது போதும்னு ஏத்துக்கணும், தமிழ்ல இல்லாத எந்த ஒப்பந்தத்துலயும் நம்ம ஆளு யாரும் கையெழுத்து போடறதில்ல. கலெக்டர் ஆபீஸ்ல அடுத்த குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கறோம். குத்தகைக்கு பண்றவங்க கோயில் ரசீதோ மடத்து ரசீதோ இருந்தா ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்து துணைச் செயலாளர் தம்பிகிட்ட குடுத்துடுங்க, மனுவோட சேக்கணும், ரசீதே குடுக்காத எடமா இருந்தா அதையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க.