வின்சன் மலை: மூன்று திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர் பக்கத்துப் பொது அறிவு வினாவிடையில், அந்தாட்டிக்காவின் மிக உயர்ந்த சிகரம் "வின்சன் மாசிவ், 5140 மீற்றர், கண்டுபிடித்தவர் வின்சன்" என்று வந்திருந்தது. மூன்றுமே பிழை. பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டிப் படிப்பதால் எழுதுகிறேன்.

கார்ல் வின்சன் மலையேறியவர் அல்லர். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஜோர்ஜியா மாநில உறுப்பினர். அந்தாட்டிக்க ஆய்வுக்கு ஆதரவாக நின்றதற்காக அவர் பெயரை வைத்தார்கள். வின்சன் இருக்கும் சென்டினல் மலைத்தொடரை 1935இல் விமானத்திலிருந்து பார்த்துப் பெயரிட்டவர் லிங்கன் எல்ஸ்வர்த். வின்சன் உச்சியில் முதன்முதல் கால் வைத்தது 1966 டிசம்பரில், நிக்கலஸ் கிளின்ச் தலைமையில் போன குழு. வின்சன் பெயர் வந்தது, நம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஸ்கொட்லாந்துப் பெயர்கள் ஒட்டிக்கொண்ட மாதிரித்தான். பூண்டுலோயாப் பக்கத்து டன்சினனை நினைத்துப் பாருங்கள். ஆனால் இங்கே துரைமார் வைத்த பெயரைத் தங்கள் வாய்க்கு வளைத்துக்கொள்ள சனம் இருந்தது, அங்கே அதற்கும் ஆளில்லை.

மாசிவ் என்றால் தனிச் சிகரமல்ல, மலைத்திணிவு. ஏறக்குறைய 21 கிலோமீற்றர் நீளம், 13 கிலோமீற்றர் அகலம். அதன் உச்சிதான் வின்சன் மலை. 2006இல், அந்தாட்டிக்க இடங்களுக்குப் பெயர் வைக்கும் அமெரிக்கக் குழு இரண்டையும் தனித்தனிப் பெயர்களாக்கியது.

5140 என்பது பழைய அளவு. பிறகு 4897 ஆனது, 2004இல் ஜீ.பி.எஸ். கருவியை உச்சிக்கே கொண்டுபோய் அளந்து 4892 என்றார்கள். தூரத்தில் நின்று கோணம் பிடித்துக் கணக்கிடும்போது, நிற்கும் பனித்தளத்தின் உயரத்தில் பிழையிருந்தால் அது அப்படியே சிகரத்திலும் ஏறிவிடும். பிள்ளைகளுக்கு இப்படிக் காட்டலாம்: நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2524 மீற்றர், இரண்டு மடங்கு 5048. பழைய அளவுப்படி வின்சன் அதைத் தாண்டும், புதிய அளவுப்படி எட்டாது.

"பெயரிட்டது யார்?" என்று கேட்பதானால் நாட்டையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தாட்டிக்காவுக்கு ஒரே பெயர்ச் சபை கிடையாது, ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தன்பாட்டில் பெயர் வைக்கிறது. அந்தாட்டிக்காவின் தீபகற்பத்தைப் பிரித்தானியர் கிரகாம் நிலம் என்றார்கள், அமெரிக்கர் பாமர் தீபகற்பம் என்றார்கள். 1964இல்தான் வடபாதி கிரகாம், தென்பாதி பாமர், முழுவதும் அந்தாட்டிக்கத் தீபகற்பம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. ஆர்ஜென்டினாவும் சிலியும் இன்னும் தங்கள் பெயர்களைத்தான் எழுதுகின்றன.

திருத்தம் போடுவதானால் "வின்சன் மலை, 4892 மீற்றர்" என்ற ஒரு வரி போதும், அதே பக்கத்தில் வந்தால்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்,
தலவாக்கலை.