தாத்தாவின் வளையம்

பாப்பா,

படத்தில் தாத்தா கையில் இருக்கும் அந்தப் பெரிய வளையம் என்ன என்று போன வாரம் போனில் கேட்டாய். வேலை நேரம், அரைகுறையாகச் சொல்லி வைத்துவிட்டேன். ஞாயிறு காலை, தாத்தா வேலை பார்த்த சிங்கப்பூர் புக்கிட் தீமா ரயில் ஸ்டேஷனுக்கே போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

அந்த ஸ்டேஷன் வழியாகப் போனது ஒற்றைத் தண்டவாளம். தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து ஒரு ரயிலும் வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து ஒரு ரயிலும் வந்தால் ஒதுங்கி வழிவிட இடம் வேண்டும், அதற்காகத்தான் அங்கே தடம் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். அடுத்த ஸ்டேஷன் வரையிலான பகுதிக்கென்று ஒரு சாவி உண்டு, அது கையில் இல்லாமல் ஓட்டுநர் அதற்குள் நுழையக் கூடாது. இரண்டு ஸ்டேஷனிலும் இருக்கும் பெட்டிகள் கம்பியால் இணைந்தவை, ஒரு சாவி வெளியே வந்துவிட்டால் அதைத் திரும்பப் போடும்வரை இன்னொன்று வராது. அந்தச் சாவியைத் தோல் பையில் போட்டு, வளையத்தில் மாட்டி, தாத்தா பிளாட்பார ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்பார். ரயில் நிற்காது, வேகம்தான் குறையும், ஓட்டுநர் கையை வெளியே விட்டு வளையத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போவார். மழை நாளில் தாத்தா சட்டையில் அந்த ஈரத்தோல் வாசம் அடிக்கும்.

1903இல் இங்கே ரயில் ஓட ஆரம்பித்தபோதே அந்த ஸ்டேஷன் உண்டு. இப்போதிருக்கும் செங்கல் கட்டடம் 1932இல் பாதையைத் தஞ்சோங் பகாருக்குத் திருப்பியபோது கட்டியது. பழுதுபார்த்து 2022இல் திறந்துவிட்டார்கள். ஊழியர் குடியிருப்பு இப்போது காப்பிக் கடை, தண்டவாளம் இருந்த இடத்தில் சனங்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. இரும்புப் பாலத்தை எடுக்காமல் விட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

2011 ஜூன் 30 ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? நீ பாலர் பள்ளி. அந்தப் பாதையின் கடைசி ரயிலை மலேசியாவின் ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார், கூட்டத்தில் உன்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தேன். எவ்வளவு கூப்பிட்டும் தாத்தா வரவில்லை. நாம் வீடு திரும்பியபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது, அவர் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். "வளையத்தை யாருப்பா நீட்டினது?" என்று அது ஒன்றைத்தான் கேட்டார்.

நான் கவனிக்கவில்லை, பாப்பா. எல்லாரையும் போல சுல்தானைத்தான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா கண்மூடும்வரை அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நீ என் தோள்மேல் இருந்தாய், உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பிளாட்பார ஓரத்தில் யாராவது வளையத்தோடு நின்றார்களா? யோசித்து எழுது.

அப்பா