இந்த இன்ஜினை எனக்கு முன்னால் பிரித்தவருக்கு

முகம் தெரியாத அண்ணனுக்கு,

வணக்கம். 1967-ம் வருடத்து எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் இன்ஜினை எப்போதோ இறக்கி, பிரித்து, வேலை பார்த்துத் திரும்பப் பூட்டியிருக்கிறீர்கள். அதே இன்ஜின் இப்போது என் வீட்டு ஷெட்டில் ஸ்டாண்டில் தலைகீழாகத் தொங்குகிறது. கார் பல கை மாறி என்னிடம் வந்தது. அந்த வேலையைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூட அதோடு வரவில்லை. அதனால் நீங்கள் செய்ததையெல்லாம் இரும்பைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது பிஸ்டன் தலையில் இருந்த '020' முத்திரை. கரியைச் சுரண்டினால் நாலிலும் அதே எண். அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, சுமார் அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ். 80.26 மில்லிமீட்டர் போரை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, 80.77 ஆக்கியிருக்கிறீர்கள். போரிங் நல்ல கையில் நடந்திருக்கிறது. நாலு சிலிண்டரையும் அடிப்பக்கம், அதாவது ரிங் போகாத இடத்தில், அளந்து பார்த்தேன். அளவில் வித்தியாசமே இல்லை. மேலே தேய்ந்து விளிம்பு கட்டியிருப்பது அதற்குப் பிறகு ஓடிய ஓட்டத்தால் வந்தது, அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. இந்த முறை '040' போகிறேன். 1798 சிசி 1845 ஆகிவிடும். அதற்கு மேலும் ஒரு சைஸ் இந்த பிளாக் தாங்கும் என்பதால், எனக்குப் பின்னால் வருகிறவருக்கும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது.

அடுத்து மெயின் பேரிங் கேப்புகள், அதாவது கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் மூடிகள். ஐந்திலும் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று வரிசையாக அடையாளம் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. கேப்புகளை பிளாக்கில் பூட்டி வைத்துத்தான் துளை கடைகிறார்கள். இடம் மாறினாலோ திசை மாறினாலோ கிராங்க் இறுகும். இது தெரியாமல் ஐந்தையும் ஒரே டப்பாவில் கொட்டி வைப்பவர்கள் உண்டு. நடு மெயினில் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்களையும் எண்ணெய்ப் பள்ளம் கிராங்க் பக்கம் பார்க்கும்படி சரியாகவே வைத்திருந்தீர்கள். 1964 கடைசி வரை வந்த எம்ஜிபிகளில் மெயின் பேரிங் மூன்றுதான். ஐந்து பேரிங் பிளாக் கிடைத்ததில் நம் இருவருக்குமே அதிர்ஷ்டம். அம்பாசிடரில் ஓடிய 1489 சிசியும் இதே பி-சீரிஸ் இன்ஜின் குடும்பம்தான். இந்த வார்ப்பிரும்பு எவ்வளவு அடி தாங்கும் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

இனி சண்டைக்கு வருகிறேன்.

அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பின் ஓரத்தில் சிலிக்கான் கம்மை அப்படி அப்பியிருக்க வேண்டுமா? கேஸ்கட் இருக்கிறது, அதற்கு மேலும் கீழும் கம். வெளியே பிதுங்கினது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். அது புழுப்புழுவாகக் காய்ந்து, சூடான எண்ணெயில் ஊறி, ஒவ்வொன்றாகக் கழன்று விழும். எண்ணெய் உறிஞ்சும் சல்லடையைக் கழற்றினால் பாதிக் கண்களை ஆரஞ்சு நிறத் துணுக்குகள் அடைத்திருந்தன. கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடத்தில், இரண்டாம் பிக் எண்ட் பேரிங்கில் மேல் பூச்சு முழுக்கப் போய், செம்பு பளிச்சென்று தெரிந்தது. எண்ணெய் பற்றாமல் ஓடியிருக்கிறது. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

பிளாக்கின் எண்ணெய்ப் பாதையை மூடும் அடைப்பான்களையும் நீங்கள் திறக்கவே இல்லை. பித்தளை அடைப்பான்களில் கருவி பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. உள்ளே கருப்பு மெழுகு போல் கசடு. போரிங் போட்டுவிட்டு அந்தப் பாதையைக் கழுவாமல் விட்டால் இரும்புத் தூள் அங்கேதான் ஒளிந்துகொள்ளும், முதல் ஸ்டார்ட்டிலேயே நேராகப் புது பேரிங்குக்குப் போகும். இவ்வளவு அக்கறையாகப் புள்ளி குத்திய மனிதர் இதை ஏன் விட்டார் என்று நானும் யோசித்துவிட்டேன். அவசரம்தான் இருக்கும். கார்க்காரர் யாராவது பக்கத்திலேயே நின்று தொல்லை கொடுத்தாரோ?

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் விஷயம் அப்படியல்ல. கேம் புதிது, அதன் மேல் உரசி ஏறி இறங்கும் டப்பட் பழசு. இரண்டும் ஒன்றோடொன்று உரசித்தான் தங்களுக்குள் தடம் போட்டுக்கொள்ளும். பழைய டப்பட்டின் குழிந்த முகத்தில் புது கேமை ஓட விட்டால் கேமின் மூக்குதான் கரையும். இரண்டு மூக்குகள் கரைந்தே விட்டன. இங்கே மிச்சம் பிடித்த காசுக்கு அங்கே வட்டி போயிருக்கிறது.

ஹெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடு எக்ஸாஸ்ட் வழியை இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் பங்கு போட்டுக்கொள்வதால் அங்கே சூடு அதிகம். விரிசல் இருக்கிறதா என்று சோதித்தேன், இல்லை. உங்கள் காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அது வால்வு சீட்டைக் காப்பாற்றியது. இப்போது அது இல்லாததால் எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டியான சீட் போடக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் போட்ட ஹெட் கேஸ்கட் ஆஸ்பெஸ்டாஸ் வகை. அதனால் மிச்சத்தை உலர்வாகச் சுரண்டாமல், நனைத்து, முகமூடி போட்டுக்கொண்டுதான் எடுத்தேன்.

போரிங், கிராங்க் கிரைண்டிங், வால்வு சீட், இந்த மூன்றும் லேத் பட்டறை வேலை. மற்றதெல்லாம் வீட்டில்தான். பட்டறையிலிருந்து பிளாக் வந்ததும் முதல் வேலை கழுவுவது. பெட்ரோலில் கழுவினால் எண்ணெய்தான் போகும், போரின் சுவரைத் தேய்த்த ஹோனிங் கல்லின் தூள் கீறல்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியால் போரைத் துடைத்தால் துணி சாம்பல் நிறமாக வரும். மறுபடி கழுவ வேண்டும், மறுபடி துடைக்க வேண்டும். துணி வெள்ளையாகவே வரும் வரை விடக் கூடாது. வந்ததும் அந்த நிமிடமே எண்ணெய் பூச வேண்டும், இல்லாவிட்டால் கண் முன்னாலேயே செந்துரு படரும். மொத்த வேலையிலும் சலிப்பானது இதுதான், ஆனால் நான் அதிக நேரம் கொடுக்கப்போவதும் இதற்குத்தான்.

பூட்டும்போது பேரிங்கின் முதுகு உலர்வாகவும் முகம் எண்ணெயாகவும் இருக்கும். மெயின் கேப் ஒவ்வொன்றையும் படிப்படியாக 95 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, ஒன்று முடிந்ததும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்ப்பேன். சுற்ற மறுத்தால் கோளாறு எந்தக் கேப்பில் என்று அங்கேயே தெரிந்துவிடும். கிராங்க்கின் முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். எண்ணெய் பம்ப்புக்குள் வாசலின் அடைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்து, பிரஷர் முள் எழும்பும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிடுவேன். அதற்குப் பிறகுதான் பிளக், பெட்ரோல் எல்லாம். புது கேம், புது டப்பட், துத்தநாகம் கூடுதலாக உள்ள எண்ணெய். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் நேராக 2000 ஆர்பிஎம்முக்கு மேலே கொண்டுபோய் இருபது நிமிடம். சம்ப்புக்குக் கேஸ்கட் மட்டும்.

அப்புறம் ஒரு சந்தேகம். மூன்றாம் கனெக்டிங் ராடின் மேல் உள்ள எண் மட்டும் மற்ற மூன்றோடு சேரவில்லை. வேறு இன்ஜினிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். போட்டதோடு விடாமல், அதன் கேப்பின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து எடையைச் சமன் செய்திருக்கிறீர்கள். தராசில் வைத்துப் பார்த்தேன், நாலுக்கும் நடுவே ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லை. அதை அப்படியே திரும்பப் போடுகிறேன். ஆனால் பழைய ராடுக்கு என்ன ஆனது? உடைந்திருந்தால் பிளாக்கின் உள்சுவரில் அடிபட்ட தடம் இருக்க வேண்டும், டார்ச் அடித்துத் தேடியும் ஒன்றும் இல்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறி வளைந்ததா, பேரிங் கடித்து சூட்டில் நீலம் பாய்ந்ததா? பேரிங் கடித்திருந்தால் கிராங்க்கில் அந்த ராடு பூட்டும் ஜர்னலை மீண்டும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். இது உங்கள் கண்ணில் பட்டு, ஞாபகமும் இருந்தால், தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். சம்ப்பை மாட்டும் வரை காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இப்போது இதன் சொந்தக்காரன்