இலைமறை காய்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். ஞாயிற்றுக்கிழமை போனில், "இங்கே நான் ரொம்ப அப்ஸ்க்யூர் அம்மா. எட்டு வருஷம் ஆச்சு, மேலே இருக்கிறவங்களுக்கு என் பேரே தெரியாது" என்று சொன்னாய். உன் குரல் கம்மியிருந்தது. அப்போது எனக்குப் பதில் வரவில்லை. போனை வைத்த பிறகும் அந்தச் சொல் மனதிலேயே கிடந்தது.

அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'அப்ஸ்கூருஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். இருண்டது என்று பொருள். அது உனக்குப் பொருந்தவில்லை. நம்மிடம் இலைமறை காய் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் சரி.

அதில் இருட்டே கிடையாது. நல்ல வெயிலில் நிற்கிற கொடி, அகலமாய் விரிந்த இலை, அதற்குப் பின்னால் ஒரு காய். 'மறை காய்' என்பது வினைத்தொகை. மறைந்த காய், மறைகின்ற காய், மறையும் காய் என்று மூன்று காலத்துக்கும் விரித்துக்கொள்ளலாம். எப்படி விரித்தாலும் காய் காய்தான். ஜாடையாகப் பேசுவதற்கும் இதைச் சொல்கிறோம், அது வேறு. நீ கணக்குப் போட்ட பாலத்தின் மேல் இன்றைக்குப் பஸ் ஓடுகிறது. திறப்பு விழாக் கல்லில் உன் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

நேற்று பந்தலில் பீர்க்கங்காய் பறித்தேன். அண்ணாந்து பார்த்து நாலு காய் பறித்தாயிற்று. கூடையை வைக்கக் குனிந்தபோதுதான், மூலைக் காலை ஒட்டி, இரண்டு இலைக்கு நடுவில் இன்னொன்று தொங்குவது தெரிந்தது. முழங்கை நீளம். வரிகள் தடித்து, தொட்டால் கட்டையாக இருந்தது. உள்ளே நார் விழுந்திருக்கும், கறிக்கு ஆகாது. விதைக்கு விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால், வருஷா வருஷம் நமக்கு விதை கிடைப்பதே இப்படிக் கண்ணுக்குத் தப்பிய காயில்தான்.

அப்புறம் குறுந்தொகை ஞாபகம் வந்தது. அதில் சொந்தப் பெயர் தெரியாத புலவர்கள் பலர். பாட்டில் வந்த தொடரையே எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார் என்று. செம்மண்ணில் பெய்த மழைநீரைப் பாடியவர் செம்புலப் பெயனீரார். பெற்றவர்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ தெரியாது. ஆனால் அந்த நாற்பதாம் பாட்டைத் தெரியாத தமிழ் வாத்தியார் உண்டா?

அதற்கு அடுத்த பாட்டைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். எனக்கு அவரைத்தான் அதிகம் பிடிக்கும். காதலர் கூட இருந்தால் திருவிழா நடக்கிற ஊர் மாதிரி மகிழ்ந்திருப்பேன், அவர் பிரிந்துபோனாலோ ஆட்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுமே, அந்த வீடு மாதிரி ஆகிவிடுவேன் என்கிறாள் தலைவி. 'மக்கள் போகிய அணில் ஆடு முன்றில்.' ஐந்தே ஐந்து சொல்லில் ஒரு வீடு முழுக்க வெறிச்சோடிப் போகிறது. எந்த வீட்டு வாசலில் நின்று பார்த்தாரோ.

நீ சைக்கிள் நிறுத்துவாயே, அந்த இடத்தில் இப்போது இரண்டு அணில் ஓடுகின்றன. அப்பா அரிசி வைக்கிறார். லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ. பிஞ்சுக் காயாய் ரெண்டு விட்டு வைக்கிறேன், உனக்குப் பிடித்த பீர்க்கங்காய்த் தோல் துவையல் அரைக்கலாம்.

அன்புடன்,
அம்மா