கடைசி வரிசை அக்காவுக்கு

லினக்ஸ் இயங்குதளப் பயனர் குழுக் கூட்டத்துக்கு அன்றுதான் முதன்முறையாக வந்தேன். வட்டின் பார்ட்டிஷனை (பிரிவை) மாற்றப்போய், கணினியைத் தொடங்கிவைக்கும் க்ரப் நிரல் குழம்பி, மடிக்கணினி 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற கறுப்புத் திரையிலேயே நின்றுவிட்டது. புராஜெக்ட் முழுக்க அதற்குள். (பேக்கப்பா? கேட்காதீர்கள்.)

மேடையில் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்களே பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். நிறுவாமலேயே லினக்ஸை இயக்கும் உங்கள் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, முதலில் கோப்புகளை நகலெடுக்கச் சொன்னீர்கள். அப்புறம் மவுண்ட் (என் வட்டை இணைக்க), சிஹெச்ரூட் (அதிலுள்ள லினக்ஸுக்குள் நுழைய), க்ரப் இன்ஸ்டால் (க்ரப்பை மறுபடி நிறுவ). கீபோர்டை நீங்கள் தொடவே இல்லை. ஒவ்வொரு கட்டளையும் எதற்கென்று விளக்கி என்னையே அடிக்கவைத்தீர்கள். தப்பாக அடித்தபோதும் சிரிக்கவில்லை.

லாகின் திரை வந்ததும் நிமிர்ந்தேன், நீங்கள் இல்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அக்கா. உங்கள் யூஎஸ்பி என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன்.