மகளுக்கு: அந்த 14 கிலோ லெகோவை என்ன செய்வது

அன்பு மகளுக்கு,

படங்கள் வந்தன. இரண்டு தொட்டி நிறையப் பழைய லெகோ பிளாஸ்டிக் கட்டைகள், 14 கிலோ. கடைக்குப் போய்ப் பளபளப்பான பெட்டியோடு ஆரம்பிக்காமல் எடைக்கு வாங்கி ஆரம்பித்திருக்கிறாயே, நல்ல வேலை செய்தாய். "சீல் பிரிக்காத பெட்டி வாங்கி வைத்தால் விலை ஏறுமாமே, அதையும் செய்யட்டுமாப்பா?" என்று கேட்டிருந்தாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உன் வீட்டுத் தரையில் கொட்டிக் கிடப்பதைப் பார்ப்போம்.

2×4 கட்டை (மேலே இரண்டு வரிசையில் நாலு நாலு குமிழ் உள்ளது) ஒன்று ஏறக்குறைய 2.3 கிராம். 14 கிலோவும் அதுவாகவே இருந்தால் ஆறாயிரம் தேறும். பொடிசுகள் கலந்திருப்பதால் எண்ணிக்கை இன்னும் கூடும். கழுவுவதற்கு முன்பே ஒரு தடவை முழுக்கக் கை விட்டுத் துழாவிவிடு. ஒவ்வொரு குமிழின் தலையிலும் லெகோ என்ற எழுத்து இருக்க வேண்டும். இல்லாதது வேறு கம்பெனி. தனிப் பையில் போடு. கௌரவத்துக்காகச் சொல்லவில்லை. அளவு ஒரு துளி பிசகினாலும் அந்தக் கட்டை இருக்கும் வரிசை முழுவதும் தளரும், அல்லது பிதுங்கும். பத்தாவது வரிசையில்தான் அது கண்ணுக்குத் தெரியும், அப்போது எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும். அடியில் குழாய் இல்லாமல் வெறும் கூடாக இருக்கிற, லேசாக முறுக்கிய பெரிய கட்டை ஏதாவது அகப்பட்டால் எறிந்துவிடாதே. குழாய் வைத்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28. ஏபிஎஸ் பிளாஸ்டிக் 1963இல்தான் வந்தது. அதற்கு முன் செல்லுலோஸ் அசிடேட் என்ற வேறு பிளாஸ்டிக், அது நாளாக நாளாக வளையும். கட்டுவதற்கு உதவாது, ஆனால் லெகோ பிறந்த டென்மார்க்கில் இருக்கிறாய், அது உன் ஊர்ச் சரித்திரம்.

கழுவுவது. மோட்டார், விளக்கு, பேட்டரிப் பெட்டி, துணிப் பாய்மரம், ஸ்டிக்கர் ஒட்டியவை, இரும்பு அச்சுள்ள ரயில் சக்கரம் எல்லாவற்றையும் முதலில் பிரித்தெடு. ஸ்டிக்கர் உள்ளதை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மற்றதை வலைப்பையில் கிலோ கிலோவாகப் போட்டு, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிடு. நீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. வாஷிங் மெஷின், டிஷ்வாஷர், ஹேர் டிரையர் மூன்றும் ஆகாது. ஏபிஎஸ் சூட்டில் உருகாவிட்டாலும் வளைந்துவிடும், வளைந்தது பிடிக்காது. ஒன்றோடொன்று மாட்டியிருக்கிறதைக் கழற்றிவிட்டுத்தான் ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுக்கில் அழுக்குத் தண்ணீர் தங்கும். கோபன்ஹேகன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அப்படியே காயவிட்டால் கறுப்புக் கட்டையில் வெள்ளைத் திட்டு விழும். கறுப்பையும் கண்ணாடி போலத் தெரியும் கட்டைகளையும் மட்டும் துண்டில் ஒற்றி எடுத்துவிடு. மற்றதைக் கம்பித் தட்டில், குமிழ் மேலே இருக்கும்படி பரப்பி மின்விசிறிக் காற்றில் விடு.

காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டும். மின்விளக்கில் ஏமாந்து போவாய். 2004இல் லெகோ தன் சாம்பல் நிறங்களையும் பழுப்பையும் மாற்றியது. அதற்கு முந்தைய சாம்பலில் லேசான மஞ்சள் சாயல், பிந்தையதில் நீலச் சாயல். இரண்டையும் கலந்து ஒரு சுவர் கட்டினால் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். இப்போதே இரண்டையும் பிரித்துவிடு. பழைய சாம்பலைப் பாறை, கோட்டை மாதிரி பல சாயல் வேண்டிய இடங்களுக்கு வைத்துக்கொள். அதன் பின் செய்த செம்பழுப்பு, கரும்பழுப்பு, கருஞ்சிவப்பு மூன்றிலும் பல ஆண்டுகளுக்கு ஒரு கோளாறு உண்டு: பிஸ்கட் போல நொறுங்கும். கிளிப், கீல், மெல்லிய பிளேட் (கட்டையைவிடத் தட்டையான தகடு) இவைதான் முதலில் போகும். இந்த நிறப் பிளேட் இரண்டைப் பிரிக்கும்போது நகத்தாலோ பல்லாலோ நெம்பாதே (பல்லால் கடிக்கிற பழக்கம் உனக்கு உண்டு). பிரிப்பான் கருவியை வைத்து மெதுவாகத் தூக்கு. புதிதாக வாங்கும்போதும் இந்த மூன்று நிறங்களில் பழைய சரக்கு வேண்டாம்.

வெள்ளையும் நீலமும் மஞ்சளடித்திருந்தால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும், தண்ணீர் கலக்க வேண்டாம். கண்ணாடிப் பாத்திரத்தில் மூழ்க ஊற்றி, மூடியை இறுக்காமல், நல்ல வெயிலில் நாலு முதல் எட்டு மணி நேரம் வை. மணிக்கொரு தரம் கிளறிவிடு. குமிழிகள் கட்டையை மேலே தூக்கிவிடும். பாதி மூழ்கிப் பாதி மிதந்தால் அந்த நீர்மட்டக் கோடு கட்டையிலேயே பதிந்துவிடும், பிறகு போகாது. கையுறை கட்டாயம். உன் ஊர் நவம்பர் வெயிலுக்கு இது நடக்காது, ஜூன் வரை எடுத்து வை. ஒன்று சொல்லிவிடுகிறேன், சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பவும் வரலாம். அதனால் வெளிச்சுவருக்கு வேண்டியதை மட்டும் வெளுத்தால் போதும்.

அடுத்தது அடுக்குவது. எல்லாரும் செய்கிற மாதிரி நிறவாரியாகப் பிரிக்காதே. சிவப்புக் குவியலுக்குள் சிவப்பு 1×1 பிளேட் தேடினால் கண் பூத்துப் போகும். 1×1 பிளேட் டப்பாவுக்குள் சிவப்பைத் தேடினால் தொட்டவுடன் கிடைக்கும். கண்ணுக்கு நிறம் சுலபம், உருவம் கஷ்டம். எனவே கஷ்டமானதைக் கையால் செய்துவிட்டுச் சுலபமானதைக் கண்ணுக்கு விட வேண்டும். முதல் சுற்றில் ஆறே குவியல்: கட்டை, பிளேட், டைல் (மேலே குமிழ் இல்லாத வழவழப்புத் தகடு), சாய்வு (கூரை போலச் சரிந்தவை), டெக்னிக் (துளை, அச்சு, பல்சக்கரம் உள்ளவை), மற்றதெல்லாம். அதற்கு மேல் இப்போது பிரிக்காதே. ஏதாவது ஒரு டப்பாவில் ஒரு பொருளைத் தேட அரை நிமிடத்துக்கு மேலாகிறது என்றால் அந்த டப்பாவை மட்டும் இரண்டாக்கு. முப்பது அறை உள்ள அலமாரியை முதல் நாளே வாங்குகிறவர்கள், மூன்றாவது மாதம் பாதி அறை காலியாகவும் பாதி அறை பிதுங்கியும் நிற்பார்கள். செருப்பு டப்பாவும் ஜிப் பையும் ஒரு வருஷத்துக்குப் போதும்.

கோபன்ஹேகன் நீஹவ்ன் துறைமுக ஓரத்து வீடுகளில் ஒன்றைக் கட்ட ஆசை என்றாய். 1681இல் கட்டிய 9ஆம் எண் நீல வீட்டையே எடுத்துக்கொள். ஆனால் நீலம் என்று முடிவு செய்யும் முன் பிரிக்லிங்க் (உதிரி லெகோ விற்கும் இணையச் சந்தை) பட்டியலில் போய் அந்த நீலத்தில் எந்தெந்த உருப்படி வந்திருக்கிறது, என்ன விலை என்று பார்த்துவிடு. கட்டை இருக்கும், ஜன்னல் வளைவு இருக்காது. வளைவு இருக்கும், ஒன்று ஒரு யூரோ சொல்வார்கள். நிறத்தை மனசு முடிவு செய்யக் கூடாது, பட்டியல் முடிவு செய்ய வேண்டும்.

அளவு: பொம்மை மனிதருக்குப் பொருந்த ஒரு குமிழை நிஜ வீட்டின் 35 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். 7 மீட்டர் அகல வீடு 20 குமிழ் வரும். 3 மீட்டர் மாடி 68, 69 மில்லிமீட்டர், அதாவது கட்டை உயரம் 9.6 என்றால் ஏழு வரிசையும் கொஞ்சமும். கணக்கு சரி, ஆனால் ஏழு வரிசை வைத்தால் உள்ளே கை நுழையாது. ஒன்பது, பத்து வை. கண்ணுக்கு உறுத்தாது.

இனி நீ மனப்பாடமாகவே வைத்துக்கொள்ள வேண்டிய இடம். பிளேட் 3.2 மில்லிமீட்டர், மூன்று பிளேட் ஒரு கட்டை. ஐந்து பிளேட் 16 மில்லிமீட்டர், அது சரியாக இரண்டு குமிழ் அகலம். நிற்கிற சுவரில் பக்கவாட்டாக எதையும் மாட்டுவதற்கு இந்த ஐந்துக்கு இரண்டுதான் ஆதாரம். ஜன்னலின் இருபுறமும் வெள்ளைச் சட்டம் வேண்டும் என்று வை. பக்கத்தில் குமிழ் உள்ள 1×1 கட்டை (எண் 87087) இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, 1×2 டைலைப் பக்கவாட்டில் அழுத்திப் பார்ப்பாய். உட்காராது. காரணம், இரண்டு பக்கக் குமிழ்களுக்கும் இடைவெளி 9.6, டைலுக்கு வேண்டியது 8. நடுவில் ஒரு பிளேட் வைத்தால் 12.8, அதுவும் ஆகாது. ஒரு முழுக் கட்டை வைத்தால் 19.2, அதுவும் ஆகாது. இரண்டு பிளேட் வை: 9.6 உடன் 6.4 சேர்ந்து 16. இப்போது 1×3 டைலின் இரண்டு ஓரமும் இரண்டு குமிழில் டக்கென்று உட்காரும், நடு இடம் சும்மா இருக்கும். மூன்று நாலு தடவை கையால் செய்துவிட்டால் பிறகு கணக்கே போட வேண்டியதில்லை.

அந்தச் சட்டம் சுவரிலிருந்து முழு 3.2 மில்லிமீட்டர் துருத்தும். அது அதிகமாகப் பட்டால் 87087க்குப் பதில் 4070 வை. ஹெட்லைட் கட்டை என்பார்கள். அதன் பக்கக் குமிழ் 1.6 உள்வாங்கி இருப்பதால் டைல் பாதிதான் வெளியே நீட்டும். நிழல் மெல்லிசாக விழும், கல் சட்டம் போலவே தெரியும். இந்த இரண்டு உருப்படியும் எந்த நிறத்தில் கண்ணில் பட்டாலும் வாங்கிப் போடு, வீணாகாது.

சுவரில் செங்குத்துக் கோடு சேரவிடாதே. கொத்தனார் மாதிரி ஒவ்வொரு வரிசையிலும் கட்டைகள் சேரும் இடத்தை மாற்றி வை. ஐந்தாறு வரிசைக்கு ஒரு முறை நீளப் பிளேட்டால் சுற்றிக் கட்டு, மூலைகளில் மாற்றி மாற்றி ஏற்றி. தளத்துக்கு ஒற்றை அடுக்குப் பிளேட் தொய்யும். இரண்டடுக்கு, மேலடுக்கு குறுக்காக. சுவரைச் சாய்வாகத் திருப்ப வேண்டுமென்றால் கீலிலிருந்து கீல் வரை 6, 8, 10 குமிழ் எண்ணு. பள்ளிக்கூடத்துச் செங்கோண முக்கோணம்தான், எதுவும் இழுபடாமல் பொருந்தும். செய்யவே கூடாத ஒன்று, இரண்டு குமிழ்களுக்கு நடுவே பிளேட்டைச் செங்குத்தாகச் சொருகுவது. இடைவெளி 3.2, பிளேட்டும் 3.2. நுழையும், அழகாகக்கூட இருக்கும். ஆனால் இரண்டுக்கும் மூச்சுவிட இடமில்லை. மாதக்கணக்கில் அழுந்தியே கிடந்து குமிழ் சாயும், பிறகு அந்தக் கட்டை எங்கேயும் சரியாகப் பிடிக்காது. லெகோ வடிவமைப்பாளர்களுக்கே இது தடை.

குறைகிற சாமான்களுக்கு, முதலில் பிரிக்லிங்கின் ஸ்டுடியோ மென்பொருளில், கணினியிலேயே வீட்டை முழுக்கக் கட்டிப் பார். காசில்லை. அதிலிருந்தே தேவைப் பட்டியலை பிரிக்லிங்கில் ஏற்றலாம். மலிவான கடை எது என்று பார்க்காதே, பட்டியலில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வைத்திருக்கிற கடை எது என்று பார். ஏழு கடையில் மிச்சம் பிடித்ததை ஏழு தபால் கட்டணம் தின்றுவிடும். நிறப் பெயரிலும் கவனம்: லெகோ சொல்லும் பெயர் வேறு, பிரிக்லிங்கில் அதே நிறத்துக்குப் பெயர் வேறு. உருவத்தோடு நிறத்தையும் சேர்த்துக் குறிக்கும் லெகோ எலிமென்ட் எண்ணை நம்பு. நகரத்து லெகோ கடையில் உதிரிக் கட்டைகளை நாமே கோப்பையிலோ பெட்டியிலோ நிரப்பிக்கொள்கிற சுவர் உண்டு. அள்ளிக் கொட்டாதே, கட்டைகளை ஒன்றோடொன்று மாட்டித் தூணாக அடுக்கி, இடுக்கில் 1×1 பிளேட்டை நிரப்பு. ஒரே விலைக்குக் கணிசமாகக் கூட வரும்.

இப்போது உன் கேள்வி. 2008இல் 5922 உருப்படியோடு லெகோ தாஜ்மஹால் பெட்டி வந்தது, எண் 10189. விற்பனை நின்ற பிறகு மூடிய பெட்டி பல மடங்கு விலைக்குப் போயிற்று. 2017இல் அதையே 10256 என்று புது எண் போட்டு 5923 உருப்படியோடு மறுபடி கடைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய பெட்டியைப் பரணில் பூட்டி வைத்தவர்களின் கணக்கு அன்றே சரிந்தது. அடுத்து எது திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது. தவிர, பெட்டிக்குள் காலம் நிற்பதில்லை. ஸ்டிக்கர் தாளின் பசை காயும், ரப்பர் வளையம் இறுகும், பெட்டி மூலை மடங்கினாலே விலை இறங்கும். உன் ஒற்றை அறை வீட்டில் அந்தப் பெட்டி அடைக்கும் இடத்துக்கு நீ கொடுக்கும் வாடகையையும் கணக்கில் சேர். வாங்கு, பிரி, கட்டு, கலைத்து டப்பாவில் போடு. அதற்குத்தான் காசு. உருப்படி எண்ணிக்கையைப் பார்த்து மலிவு என்றும் மயங்காதே: 2021இல் வந்த லெகோ உலக வரைபடப் பெட்டியில் 11,695 உருப்படி, பெரும்பாலும் 1×1 வட்ட டைல். அவற்றை வைத்து ஒரு சுவர் கட்ட முடியுமா?

லெகோவின் சொந்த ஊரான பில்லுண்டுக்கு எப்போது போகிறாய்? வெய்லே வரை ரயில், அங்கிருந்து பஸ். 2017இல் திறந்த லெகோ ஹவுஸை ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டு பார். மேல் மாடியில் உன்னைப் போன்ற தனி ஆட்கள் கட்டியவை வைத்திருப்பார்கள். அவற்றை முன்னிருந்து பார்ப்பதோடு விடாதே, பக்கத்திலும் பின்னாலும் எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று படம் எடு. கீழே கட்டையை வார்த்தெடுக்கும் இயந்திரத்திலிருந்து ஆறு சிவப்பு 2×4 கட்டையும், அவற்றை அடுக்கும் ஒரு விதம் போட்ட அட்டையும் தருவார்கள். ஆறு கட்டையை 91,51,03,765 விதமாக மாட்டலாம். வெகுகாலம் 10,29,81,500 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது ஆறும் ஒன்றன் மேல் ஒன்றாக ஆறடுக்கு நிற்கும் கோபுரங்களின் கணக்கு மட்டுமே. முழுக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவரான சோரன் ஐலர்ஸ் உன் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர்தான்.

பொங்கலுக்கு வரும்போது பெட்டியில் இடமிருந்தால் 98283 (செங்கல் வரிப் போட்ட 1×2) மணல் நிறத்தில் இருநூறு, 4070 வெள்ளையில் ஐம்பது. கைப்பையில் வேண்டாம், சோதனையில் கொட்டச் சொல்வார்கள். பழைய சாம்பல் உபரியாக இருந்தால் அதையும் கொண்டுவா, இங்கே பாறைக்கு ஆகும். அம்மா கேட்ட ஸ்வெட்டரை மறந்துவிடாதே, அதற்கு இடம் ஒதுக்கிய பிறகுதான் இதெல்லாம்.

அன்புடன்,
அப்பா