மீன்கார நானாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

எங்கள் மகளுக்காக ஓடித் திரிந்த, பத்திரகாளி அம்மனுக்கு நேர்ந்துகொண்ட, காசு அனுப்பிய, நடுச்சாமத்தில் ஓட்டோவோடு வாசலில் வந்து நின்ற எல்லோருக்கும் இந்த மடல். நடந்தது உங்களுக்குத் தெரியும்: குறைமாதத்தில் பிறந்த மகளின் விழித்திரை பழுதாகி, பார்வையில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியிருந்த பார்வை அப்படியே நிற்கிறது, மேலும் குறையவில்லை என்று இந்த வாரம் கிளினிக்கில் சொன்னார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிகிற அளவு. அந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து யாரைப் பார்த்தாலும் எனக்கு அழுகைதான் வருகிறது.

டொக்டர்மார், தாதிமார், வீடு தேடி வந்த மிட்வைஃப் அக்கா, முன்பள்ளி ரீச்சர், உப்புவெளிச் சொந்தங்கள், எங்கள் ஒழுங்கைச் சனம், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

ஆனால் இன்று நான் அதிகம் சொல்ல வேண்டியது எங்கள் மீன்கார நானாவைப் பற்றி.

பார்வையுள்ள குழந்தை கண்டதையெல்லாம் பிடிக்கக் கையை நீட்டும். பார்வையில்லாத குழந்தைக்கு, சத்தம் வருகிற இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்பது பிடிபடவே மாதக்கணக்காகும். எங்கள் மகள் ஈரமாக, கொழகொழவென்று எது பட்டாலும் கையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொள்வாள். சோற்றைக்கூடத் தொடமாட்டாள். "அவளின் கையைப் பிடித்து எதிலும் வைக்காதீர்கள். உங்கள் கையை அவளின் கைக்குக் கீழே கொடுங்கள், விருப்பமென்றால் அவளே விரலை இறக்குவாள்" என்று வீட்டுக்கு வந்து பழக்கிய ரீச்சர் சொல்லித் தந்திருந்தார். சொல்வது லேசு. சோறு ஆறிக்கொண்டிருக்கும்போது பொறுமை எங்கிருந்து வரும்?

நானா கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருபவர். ஒருநாள் அம்மம்மாவின் இடுப்பில் இருந்தவளைப் பார்த்து, ஐஸ் போட்ட ரெஜிபோம் மீன்பெட்டியைத் திறந்துவைத்து, தன் கையை நீட்டினார். "மகள், என்ட கையில கைய வச்சிக்கங்க." அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கையை மேலே வைத்தாள். அவர் அவசரப்படாமல் ஒரு விளைமீனைத் தடவினார். அவரின் விரல்களிலிருந்து அவளின் சின்ன விரல் வழுகி மீனில் பட்டது. தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுவழுப்பு, திருப்பித் தடவினால் செதில் குத்தும். அவள் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. சூடை, கணவாய், சூரை. வாங்காத நாளிலும் ஹோர்ன் அடித்து நின்று, பெட்டியைத் திறப்பார். கால் கட்டிய நண்டு ஒன்றைக் கொண்டுவந்த அன்று, அவள் ஒவ்வொரு காலாகத் தொட்டுக்கொண்டு போய், "நண்டூருது?" என்று கேட்டாள். அதுவரை நண்டு என்றால் அவளுக்கு, உள்ளங்கையிலிருந்து அக்குள்வரை ஊர்ந்து கிச்சுக்கிச்சு மூட்டுகிற எங்கள் விரல்கள்தான். நானா சிரிக்கவில்லை. "ஓம் மகள், இதுதான் ஊருற நண்டு" என்றார். வெயிலில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது, அடுத்த ஒழுங்கையில் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவள் போதும் என்று கையை எடுக்கும்வரை நின்றார்.

இப்போது மகள் சோற்றைப் பிசைகிறாள். மீன் முள்ளைத் தானே தேடி எடுத்துத் தருகிறாள். நாளைக்குப் பிரெயிலின் ஆறு புள்ளிகளைத் தேடப்போவதும் அதே விரல்கள்தான். நானா, அந்த விரல்களின் பயத்தை எடுத்துவிட்டது நீங்கள்.

நான் ஒன்று நேர்ந்திருக்கிறேன். திருகோணமலையில் எந்தத் தாய்க்குப் பிள்ளையின் பார்வை போய்விட்டது என்ற செய்தி வந்தாலும் அவளுக்குப் பக்கத்தில் போய் இருப்பேன். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு முதல் சில வாரங்களுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். திகதி தந்திருந்தால் தயவுசெய்து தவறவிடாதீர்கள். தனியே போகப் பயமென்றால் சொல்லியனுப்புங்கள், நான் கூட வருகிறேன்.